பாவு யார் போட்டது?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானத்தின் சக்கரங்கள் தெரியும். அனகாபுத்தூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானம் அதிசயமில்லை. பேச்சை நடுவில் நிறுத்தி, அது கடந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டிய ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த மாடியில்தான் என் அண்ணனும் அவன் நண்பர்களும் பத்து வருடம் ஒரே சண்டையைப் போட்டார்கள். ஸ்டார் டிரெக்கின் எண்டர்பிரைஸ் கப்பல் வேகமா, ஸ்டார் வார்ஸின் மில்லேனியம் ஃபால்கன் வேகமா? இரண்டும் மோதினால் எது மிஞ்சும்? எது எதன் கவசத்தைத் துளைக்கும்? நான் டீ கொண்டுபோய் வைப்பேன். அவர்கள் பார்த்த படங்களையும் தொடர்களையும் நானும் பார்த்திருந்தேன். அவர்கள் பாயில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள், நான் வாசற்படியில் நின்று, அடுப்பில் ஒரு காதை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

பிறகு கல்லூரி. இயற்பியல் படித்தேன். எங்கள் அறிவியல் மன்றத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள்: எந்தப் புனைவுலகின் விண்கப்பல் தொழில்நுட்பம் சிறந்தது? மேடையில் நான்கு பையன்கள். வரவேற்புரை ஒரு பெண், நன்றியுரை ஒரு பெண், நேரம் பார்த்து மணி அடிக்க நான். முடிவில் பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். மணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "அந்தக் கப்பல்ல எல்லாரும் போட்டிருக்கிற துணியை யாரு துவைக்கிறாங்க?" அரங்கமே சிரித்தது. நடுவராக இருந்த ஆசிரியரும் சிரித்துக்கொண்டே, "டெக்னிக்கலா ஏதாவது கேளும்மா" என்றார்.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. இது அவருக்கு என் பதில்.

சரி, டெக்னிக்கலாகவே பேசுவோம். 1966இல் தொடங்கிய முதல் ஸ்டார் டிரெக்கின் கணக்கு எளிது: வார்ப் எண்ணை மூன்று முறை பெருக்கினால் ஒளிவேகத்தின் மடங்கு கிடைக்கும். வார்ப் 6 என்றால் 216 மடங்கு. நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் நான்கேகால் ஒளியாண்டு தூரம், ஆகவே ஏழு நாள் பயணம். 1987இல் வந்த அடுத்த தொடருக்கு அளவுகோலையே மாற்றினார்கள். வார்ப் 10 என்பது எல்லையற்ற வேகம், அதை யாரும் தொட முடியாது. அந்தக் கணக்கில் அதே வார்ப் 6 ஏறக்குறைய 392 மடங்கு, பயணம் நான்கே நாள். மில்லேனியம் ஃபால்கனுக்கு இப்படி ஒரு வாய்பாடு கிடையாது. கதைக்கு எவ்வளவு அவசரமோ அவ்வளவு வேகம். 1977 படத்தில் அதன் தலைவன் ஹான் சோலோ, ஒரு பயணத்தைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் முடித்ததாகப் பீற்றிக்கொள்கிறான். பார்செக் என்பது தூரத்தின் அளவு, நேரத்தின் அளவு அல்ல. 'தாம்பரத்துக்கு ஏழு கிலோமீட்டரிலேயே போய்விட்டேன்' என்பது போல. அந்தப் பிழையை நியாயப்படுத்த ரசிகர்கள் நாற்பது வருடம் உழைத்தார்கள், கடைசியில் 2018இல் ஒரு படமே எடுத்துக் குறுக்குவழி என்று விளக்கம் சொன்னார்கள். ஓர் ஆண் உளறினால் அதைச் சரியென்று காட்ட ஒரு விண்மண்டலத்தையே வளைப்பார்கள். டியூன் உலகத்தில் (1965) கணினிக்குத் தடை. ஒரு மருந்துப்பொருளைச் சுவாசித்து உருமாறிப்போன மாலுமிகள் மனத்தால் வழி கண்டு கப்பலைச் செலுத்துகிறார்கள். மூன்றிலும் எனக்குப் பிடித்தது வார்ப்தான், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பட்டியல் எல்லாம் எனக்கும் வரும் என்று காட்டத்தான் இவ்வளவும். ஆனால் பட்டியலைப் பாருங்கள். வேகம் ஒரு பத்தி, ஆயுதம் ஒரு பத்தி, கவசம் ஒரு பத்தி. நான்காவதாக ஆள் என்றொரு பத்தியை யாரும் போடுவதில்லை. கப்பலை யார் செய்தார்கள், யார் ஓட்டுகிறார்கள், பழுதானால் யார் கை அழுக்காகிறது, அது கிளம்பும்போது யாரை விட்டுவிட்டுப் போகிறது? இந்தப் பத்தியையும் சேர்த்து ஒப்பிட்டால் மாடிச் சண்டையின் முடிவே மாறிப்போகும்.

1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அரசியின் பளபளக்கும் கப்பலில் ஹைப்பர்டிரைவ் பழுதாகிறது. பாலைவனக் கிரகம் ஒன்றில் இறங்குகிறார்கள். உதிரிபாகம் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் இருக்கிறது. அவனிடமே ஒரு தாயும் மகனும் அடிமைகளாக இருக்கிறார்கள். ஜெடை வீரர் பந்தயம் கட்டுகிறார்: ஓட்டப்போட்டியில் பையன் ஜெயித்தால் உதிரிபாகமும் ஓர் அடிமையும் எங்களுக்கு. இரண்டு அடிமைகளையும் பணயம் வைக்க வியாபாரி ஒப்பவில்லை. பகடை உருட்டுகிறார்கள், பையன் பெயர் விழுகிறது. பையன் ஜெயிக்கிறான், ஹைப்பர்டிரைவ் ஓடுகிறது, கப்பல் பறக்கிறது. தாய் மணலில் நிற்கிறாள்.

ஒளியை மிஞ்சும் வேகம் இருக்கிறது. ஒரு பெண்ணை விலை கொடுத்து மீட்க யாரிடமும் காசில்லை, மறுபடி வந்து கூட்டிப்போகப் பத்து வருடத்தில் ஒருவருக்கும் நேரமில்லை. அவளை விடுவித்தது எந்த ஜெடையும் அல்ல, ஒரு விவசாயி. மகன் திரும்பி வரும்போது அவள் சாகக் கிடக்கிறாள். அண்ணனின் நண்பர்கள் அந்தக் கப்பலின் குரோம் பூச்சைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கிறார்கள். உதிரிபாகத்தின் விலையில் அந்தத் தாயும் அடக்கம் என்று ஒருவனும் சொன்னதில்லை. இது தொழில்நுட்பத்துக்கு வெளியே உள்ள விஷயமாம். ஓர் இயந்திரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அந்த இயந்திரத்தின் விவரக்குறிப்பில் வராதென்றால், பிறகு எதில் வரும்?

எண்டர்பிரைஸ் யோக்கியமா என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. ஸ்டார் டிரெக்கின் முதல் முன்னோட்டப் படத்தில் கப்பலின் இரண்டாம் தலைவர் ஒரு பெண். உணர்ச்சிவசப்படாத, கூர்மையான அதிகாரி. தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை நிராகரித்தது. அடுத்த முன்னோட்டத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. நடித்த மேஜல் பாரெட் தொடருக்குள் திரும்பி வந்தார், இந்த முறை மருத்துவருக்கு உதவும் நர்ஸாக. கூடவே கப்பலின் கணினிக்குக் குரல் கொடுத்தார். பிறகு வந்த தொடர்களிலும் பல பத்தாண்டுகள் அந்தக் குரல்தான். கட்டளை இடவேண்டியவள் கட்டளை கேட்கும் சுவராக ஆகிவிட்டாள். முதல் தொடரின் கடைசிக் கதை 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பானது. தலைவர்களின் உலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஒரு பெண் வெளிப்படையாகவே குமுறுகிறாள், கதையோ அவளைப் பைத்தியமாகக் காட்டி முடிக்கிறது. இத்தனைக்கும் அந்தத் தொடரை எடுத்த டெசிலு ஸ்டூடியோவின் முதலாளி லூசில் பால் என்ற பெண்!

குரலாக ஆன பெண்களின் வரிசை நீளமானது. 'ஏலியன்' (1979) படத்தில் கப்பல் கணினியின் பெயரே 'அம்மா'. ஆன் மெக்காஃப்ரி எழுதிய பாடும் கப்பலின் கதையில் (1969இல் நூலானது) உடல் இயங்காமல் பிறந்த ஒரு பெண்ணின் மூளையே கப்பலாகிறது. எழுதியவர் பெண் என்பதாலோ என்னவோ ஒரு கணக்கை மறக்காமல் சேர்த்திருக்கிறார். தன்னை வளர்த்துப் பழக்கிய செலவுக்கு அந்தக் கப்பல் கடனாளி. உழைத்து உழைத்து அடைக்க வேண்டும். முன்பணம் வாங்கித் தறியில் உட்கார்ந்த வீட்டுப்பிள்ளைக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழிலும் கப்பல் உண்டு. 1963இல் வந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள். அவர்கள் அறிவியலில் முன்னேறியவர்கள், கலையில் பின்தங்கியவர்கள். ஆகவே பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும். 1953இலேயே 'சண்டிராணி' படத்தை மூன்று மொழிகளில் இயக்கிய, பரணி ஸ்டூடியோவை நடத்திய ஒரு பெண்மணியை விண்கப்பலில் ஏற்றினோம். ஏற்றியதும் பாடச் சொன்னோம்.

'இதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு இஸ்ரோவில் பெண்கள் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ரிசாட்-1 செயற்கைக்கோளுக்கு அரியலூர் வளர்மதி திட்ட இயக்குநர், ஆதித்யா-எல்1க்குச் செங்கோட்டை நிகர் ஷாஜி. பெருமைதான். ஆனால் ககன்யானைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் நான்கு விண்வெளி வீரர்களின் பெயரை அறிவித்தார்கள். நான்கு பேரும் ஆண்கள். விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்து தேர்ந்தெடுத்தார்களாம். அந்தப் படையில் பெண்கள் போர்விமானம் ஓட்ட வந்ததே 2016இல்தான், பிறகு எங்கிருந்து கிடைப்பார்கள்? ஆனால் ஆளில்லாப் பயணத்தில் முன்னோடியாகப் போக ஒரு பொம்மை செய்தார்கள். பெயர் வியோமித்ரா. பெண் முகம், பெண் குரல். அளவுகளைக் கவனிப்பாள், சுவிட்சைத் தட்டுவாள், வீரர்களோடு பேசுவாள். கால்கள் கிடையாது. அறுபது வருடம் முன்பு ஹாலிவுட் செய்ததைத்தான் நாமும் செய்திருக்கிறோம்: பெண்ணின் குரலுக்குக் கப்பலில் இடமுண்டு, காலுக்கு இல்லை.

இனி வார்ப் ஏன் பிடிக்கும் என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வளைப்பது, முறுக்குவது என்று பொருள். வெளியை வளைத்து ஓடுவதால் அந்த எஞ்சினுக்கு அப்பெயர். ஆனால் அதே சொல்லுக்குத் தறியில் வேறொரு பொருள்: பாவு. நீளவாக்கில் ஓடும் நூல். இரண்டு பொருளும் எறிதல் என்ற ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. பதினேழு வயதில் அகராதியில் இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவே வார்ப் போட்ட தெரு.

அனகாபுத்தூர் நெசவு ஊர். இங்கே நெய்த 'மெட்ராஸ் கைக்குட்டை' கடல் தாண்டி நைஜீரியாவுக்குப் போனது. பெயர்தான் கைக்குட்டை, அங்கே அது இடுப்பில் சுற்றி உடுத்தும் துணி. அந்த வியாபாரம் படுத்தபின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வாழைநாரில் சேலை நெய்து சிலர் ஊர்ப்பெயரைக் காப்பாற்றினார்கள். எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவர் அப்பா. நூலைப் பிரித்தது, கஞ்சி போட்டது, தார் சுற்றியது, புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைத்தது எல்லாம் அம்மா. பாவு இல்லாமல் நாடா எங்கே ஓடும்? ஆனால் ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது அப்பா சொன்னார்: "சும்மாதான் இருக்கா. தார் சுத்துவா." படிவத்தில் முதல் வாக்கியம்தான் ஏறியது. நெசவாளர் அட்டை அப்பா பெயரில் வந்தது. அப்பா கெட்டவரில்லை. அவருக்கு அது உண்மையாகவே கண்ணில் படவில்லை. அரங்கத்தில் சிரித்தவர்களுக்குத் துணி துவைப்பது கண்ணில் படாதது போல.

புனைவை விட்டு, உண்மையில் பறந்த கப்பலுக்கு வருவோம். எண்டர்பிரைஸின் கடைசிக் கதை ஒளிபரப்பாகி ஏழு வாரத்துக்குள், 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலாவில் இறங்கியது. அதன் வழிகாட்டும் கணினியின் நிரல் எதில் இருந்தது தெரியுமா? நெய்த கம்பியில். சின்னச் சின்ன காந்த வளையங்கள். ஒரு செம்புக் கம்பி வளையத்துக்குள் புகுந்து போனால் அது ஒன்று, வெளியே சுற்றிப் போனால் பூஜ்யம். இப்படி 36,864 சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் பதினாறு இலக்கம். மாசசூசெட்ஸின் வால்தம் ஊரில், ரேதியான் ஆலையில், எதிரெதிரே உட்கார்ந்து ஊசியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அனுப்பி இதைக் கோத்தவர்கள் பெண்கள். துணி ஆலையிலும் கடிகார ஆலையிலும் பழகிய கைகள். ஒரு கம்பி தவறினால் கப்பல் வழி தவறும். பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'கிழவி நினைவகம்'. நாடா போகிற மாதிரிதான் ஊசியும் போயிருக்கிறது. இதையும் 'சும்மாதான் இருக்கா' என்று ஒருவர் எழுதியிருப்பார்.

யாருக்காகக் கட்டுகிறோம் என்பதும் பொறியியல்தான். 1983இல் சாலி ரைட் ஒரு வாரப் பயணத்துக்கு விண்வெளி போகும்போது, மாதவிடாய்க்கு நூறு டேம்பான் போதுமா என்று நாசா பொறியாளர்கள் கேட்டார்கள். நிலாவுக்கு ஆள் அனுப்பிய கணக்குப் புலிகள்! 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து போகவிருந்த விண்நடையை மாற்ற வேண்டி வந்தது, இருவருக்கும் பொருந்தும் அளவில் உடை தயாராக இல்லை. அக்டோபரில்தான் அது நடந்தது.

இதற்கு நேரெதிராக ஒரு பொறி நம்மிடம் இருக்கிறது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. ஆபத்தை உணர்ந்த அரசன் சச்சந்தன், கர்ப்பிணியான விசயை தப்பிப்பதற்காகவே செய்யச் சொன்னது. திருத்தக்கதேவர் தரும் பொருள்பட்டியலைப் படியுங்கள்: துணி, நூல், பிசின், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் தயார். (வார்ப் 6இல் அடுத்த விண்மீனுக்குப் போகிற அதே ஏழு நாள்!) விசையை வலப்பக்கம் திருப்பினால் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கிக் காலைக் குவித்து நிற்கும். திருப்பிப் பழகுபவள் விசயைதான். ஒரு நிறைமாதக்காரி, தனியாக, இருட்டில் ஓட்டிப் போய் இறங்க வேண்டும் என்பதுதான் அந்தப் பொறிக்கு வைக்கப்பட்ட தேவை. அவள் ஓட்டினாள். சுடுகாட்டில் இறங்கிப் பிள்ளை பெற்றாள். கதைக்குப் பெயர் பிள்ளையுடையது, அது வேறு விஷயம். உ.வே.சா. இதை 1887இல் பதிப்பித்தார். நமது புத்தக அலமாரியில் நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு பெண் விமானி உட்கார்ந்திருக்கிறாள், நம் பையன்கள் ஹான் சோலோவின் பார்செக்கை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது இன்னும் கிட்டத்தில், மதராஸிலேயே. 1905இல் இங்கிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வங்காளத்துப் பேகம் ரொக்கையா 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டுக்குள். சூரிய வெப்பத்தில் சமையல், மேகத்திலிருந்து குழாயில் தண்ணீர். அங்கே ஒரு பறக்கும் வண்டி வருகிறது. ஒரு பலகை, அதில் திருகிப் பூட்டும் இருக்கைகள், புவியீர்ப்பை எதிர்க்க ஹைட்ரஜன் நிரப்பிய உருண்டைகள், மின்சாரத்தில் சுழலும் இரண்டு இறக்கைகள். ஏறுபவரின் எடைக்குத் தக்கபடி உருண்டையின் அளவை மாற்றலாம். ஆளுக்குத் தக்க பொறி! தோழி, அந்த வண்டியில் பீரங்கி இல்லை. எண்டர்பிரைஸோடு மோதினால் தோற்றுப்போகும், ஆகவே எந்தப் பட்டியலிலும் அது இல்லை. இரண்டே மணி நேரத்தில் அலுவலக வேலை எப்படி முடிகிறது என்றும் ரொக்கையா விளக்குகிறார்: ஆண்கள் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடிப்பார்கள், ஒன்றுக்கு அரைமணி, ஆக ஆறு மணி நேரம் புகையாகப் போய்விடும். எங்கள் மாடியை அவர் பார்த்ததேயில்லை, இருந்தாலும் கணக்கு சரியாக இருக்கிறது. ஆண்களை வீட்டுக்குள் பூட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. டீயை அவர்களே போட்டுக்கொண்டால் போதும்.

அண்ணன் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்தான். "ரெப்ளிகேட்டர் இருக்கே, துணியெல்லாம் அதுவே புதுசு புதுசா குடுத்துடும். துவைக்கவே வேணாம்" என்றான். கல்லூரியில் கேட்டபோது கிடைக்காத பதில், தொழில்நுட்பப் பதில். சந்தோஷப்பட்டேன். பழையதை யார் எடுத்து அதற்குள் போடுவார்கள் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறான்.

அம்மாவிடம் போன வாரம் அப்பல்லோ கதையைச் சொன்னேன். தறி கழற்றி ஆறு வருடமாகிறது, தோள்வலி மட்டும் மிச்சம். வளையம், கம்பி, ஊசி எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விமானம் ஒன்று போனது. காத்திருந்தோம். போனபின் கேட்டார்:

"நடுவுல கம்பி அறுந்தா எப்படிப் பிணைச்சாங்க? முடிச்சு வந்தா அந்த ஓட்டைல போகாதே?"